வேது பிடித்த முற்றம்

தடுமன் பிடித்தால் ஆச்சி என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விட மாட்டாள். நொச்சித் தழையும் மஞ்சளும் போட்டுக் கொதித்த பானையை முற்றத்தில் இறக்கி, என்னைக் குனிய வைத்து ஜமுக்காளத்தால் மூடுவாள். ஆவி தணிந்ததும், அடுப்பில் பழுத்துக் கிடக்கும் செங்கல் துண்டை இடுக்கியால் எடுத்துப் பானைக்குள் போடுவாள். சுர்ரென்று மறுபடியும் ஆவி கிளம்பும். கண் எரியும், மூக்கு ஒழுகும். "போதும் ஆச்சி" என்று கத்துவேன். "இன்னும் கொஞ்சந்தான், என் ராசால்லா" என்று ஜமுக்காளத்துக்கு மேலேயே முதுகைத் தடவிக்கொடுப்பாள்.

வேது நோயைக் கொல்லாது. அடைத்த மூக்குக்கு ஒரு சுகம், அவ்வளவுதான். அது ஆச்சிக்கு நன்றாகத் தெரியும். 1918 ஐப்பசியில் அவளுக்குப் பத்து வயது. அவள் அம்மாவுக்கும் இதே நொச்சி, இதே சுக்குக் கஷாயம்தான் கொடுத்தார்கள். நாலாம் நாள் மூச்சு முட்டிப் போய்விட்டாளாம். முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வருஷம் பம்பாயில் இறங்கி நாடெங்கும் பரவிய இன்ஃபுளுயன்சா, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. திடகாத்திரமான இளவயதுக்காரர்கள்தான் அதில் அதிகம் செத்தார்கள்.

நாட்டு வைத்தியத்தால் வந்த வினை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அன்று லண்டன் டாக்டரின் பையில் மட்டும் என்ன இருந்தது? ஆஸ்பிரினும் கொய்னாவும். நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்றே பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மனிதர்களைத் தாக்கும் இன்ஃபுளுயன்சா வைரஸை லண்டனில் பிரித்தெடுத்ததே 1933இல்தான். சளி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆனால் கொடுக்கப் பென்சிலின் கிடையாது. எங்கே இருந்தாலும் கிடைத்தது ஒன்றுதான்: படுக்கை, கஞ்சி, பக்கத்தில் ஒரு ஆள்.

இப்போது என் பேரனுக்கு வருஷம் தவறாமல் தடுப்பூசி போடுகிறோம். ஆச்சியின் அம்மாவுக்கு அது கிடைத்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். ஆனால் போன மாதம் அவனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. காலையில் பாராசிட்டமால் கொடுத்துச் சூடு இறங்கியதும் பையை மாட்டி வேனில் ஏற்றிவிட்டார்கள். லீவு எடுத்தால் வருகைப் பதிவு குறையுமாம். ஜன்னலோரம் உட்கார்ந்து இருமிக்கொண்டே கை காட்டினான். பக்கத்துச் சீட்டில் இன்னொரு குழந்தை.

மறுநாள் நான் வேனைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.