ஒற்றை நட்சத்திரக்காரர்

"புதுசா ஒரு ரூட்டர் வாங்கிடலாமே" என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பனியன் நுனியில் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அன்று ராத்திரி தூக்கம் போச்சு என்று அர்த்தம்.

பெருங்குடியில் ஐந்து பேர் சேர்ந்து இருக்கும் எங்கள் வாடகை வீட்டில் அவர்தான் மூத்தவர். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில், காஸ் இணைப்பு அவர் பெயரில், ஃபைபர் நெட்டும் அவர் பெயரில். ஆகையால் எது வாங்குவதென்றாலும் அவர் காதில் போட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். காதில் போட்டால் வாங்க முடியாது.

ஊரில் எல்லோரும் ஒரு பொருளுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பார்கள். இவர் நேராக அடிமட்டத்துக்கு இறங்கிப் போய் ஒற்றை நட்சத்திரக்காரர்களைத்தான் விசாரிப்பார். "அஞ்சு ஸ்டார் போட்டவன்லாம் டப்பாவைப் பிரிச்ச சந்தோஷத்துல போட்டவன் தம்பி. ஒரு ஸ்டார் போட்டவன்தான் வாழ்ந்து பாத்தவன்."

அதையும் தனக்குள்ளே படித்துக்கொண்டால் பரவாயில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டை வைத்ததும் உரக்கப் படிப்பார். "நாக்பூர்ல ஒருத்தருக்கு மூணாம் நாளே லைட்டு எரியலையாம்." குரல் தழுதழுக்கும். என்னவோ நாக்பூரில் அவருக்குச் சித்தப்பா இருப்பதுபோல. "லூதியானால ஒரு அம்மா, பாவம், பையனுக்கு ஆன்லைன் பரீட்சையாம். பாதியில புட்டுக்கிச்சாம்." சாம்பார் ஆறிப்போகும். நாளடைவில் அந்த அம்மா எங்கள் வீட்டு மனுஷியாகவே ஆகிவிட்டார். ஒருநாள் எங்களில் கடைக்குட்டி, "அண்ணே, லூதியானா அம்மாவுக்குப் பணம் திரும்ப வந்துச்சா?" என்று நிஜமாகவே கவலையோடு கேட்டான்.

நல்ல ரூட்டர் ஒன்றை நான் ஒருமுறை தேடிப் பிடித்துக் கொடுத்தேன். அதற்கும் ஓர் ஒற்றை நட்சத்திரக்காரர் அகப்பட்டார். பார்சல் கொண்டு வந்த பையன் மாடிப்படி ஏற மாட்டேன் என்றானாம். "அண்ணே, இதுக்கு ரூட்டர் என்ன பண்ணும்?" என்றேன். "காரணம் எதுவா வேணா இருக்கட்டும். ஒரு மனுஷன் மனசு நொந்திருக்கான்ல?" என்றார். இன்னொரு ரூட்டரின் கீழே யாரோ புண்ணியவான் இடம் மாறி வந்து, "விசிலே வரவில்லை, பருப்பு வேகவில்லை" என்று எழுதியிருந்தான். குக்கருக்கு எழுத வேண்டியது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு அந்த மாடலை அடித்துவிட்டார்.

விஷயம் தெரியாத ஆள் என்றால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். எரிச்சல் என்னவென்றால், அவருக்கு எல்லாம் தெரியும். டப்பாவில் 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, ஐந்தில் 867, இரண்டையும் கூட்டி உருட்டிய கணக்கு, எந்த போனுக்கும் அந்த மொத்தம் வந்து சேராது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் மெதுவாக. ஐந்து வேகமாகப் பாயும், ஆனால் இரண்டு சுவருக்குள் மூச்சு வாங்கிவிடும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். ஆன்டெனாவை எண்ணி ரூட்டர் வாங்கும் ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அது நியாயம்தான்.

ஒருமுறை எங்களைக் காப்பாற்றியும் இருக்கிறார். 1,200 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று நாங்கள் பணம் கட்டப் போன ரூட்டரைக் கடைசி நிமிஷத்தில் தடுத்தார். வைஃபை வேகமெல்லாம் பிரமாதம், ஆனால் பின்னால் ஒயர் செருகும் போர்ட் நூறு எம்பிபிஎஸ் மட்டும். நாம் காசு கட்டுவது 150-க்கு. நூறடி ரோட்டில் வந்து சந்துக்குள் நுழைகிற கதைதான். "கிகாபிட் போர்ட் இல்லாததைத் தொடாதே" என்றார். வாங்கியிருந்தால் மாசாமாசம் ஐம்பதைச் சும்மா விட்டுக்கொண்டிருப்போம். அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆக, எங்களுக்கு என்ன தேவை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது: இரண்டு பேண்டும், கிகாபிட் போர்ட்டும் உள்ள, 2,000 ரூபாய்க்கு மேல் போகாத ஒன்று. ஐந்து ஆளுக்கும் பத்துப் பன்னிரண்டு போன், லேப்டாப்புக்கும் அது தாராளம். அன்றைக்கே வாங்கியிருக்கலாம். எட்டு மாதம் ஆனது.

இதற்கு மேல் என்னால் சிரித்துக்கொண்டே எழுத முடியவில்லை. நெட் கம்பெனிக்காரன் இனாமாகக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி வெறும் 2.4 மட்டும் பேசும் பெட்டி. ஃபைபர் ஒயர் வீட்டுக்குள் வருவது அவர் அறை ஜன்னல் வழியாக. பெட்டி இருப்பது அவர் அறையில், இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில். அவர் கட்டிலுக்கு மட்டும் சிக்னல் பொங்கி வழியும். ஹாலில் தேறும். என் அறையில் ஒற்றைக் கோடு. மீட்டிங் நேரத்தில் கோடு இரண்டாக நிற்கும் ஒரே இடம் வாஷிங் மெஷினின் மேல். புதன்கிழமை வீட்டிலிருந்து வேலை. புதன்கிழமைதான் பக்கத்து அறைக்காரனுக்குத் துணி துவைக்கும் முறை. "ஏன் இப்படி ஆடிக்கிட்டே பேசறீங்க?" என்று மேனேஜர் கேட்டார். பீரோவை ஓர் அடி நகர்த்துங்கள் அண்ணே என்று எத்தனை முறை சொன்னேன்! புது ரூட்டரே வேண்டாம், பத்து மீட்டர் கேபிள் இழுத்துப் பெட்டியை ஹாலுக்குக் கொண்டுவந்தால்கூடப் பாதிப் பிரச்சினை தீரும் என்றேன். கதவிடுக்கில் கேபிள் நசுங்கும் என்றார். கான்பூரில் ஒருத்தருக்கு நசுங்கியதாம்.

இதே மனிதர், மாதம் 700 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 826 ரூபாயை ஐந்தால் வகுத்து, ஆளுக்கு 165 ரூபாய் 20 பைசா என்று குரூப்பில் போடுவார். அந்த 20 பைசாவை அனுப்ப மறந்தவனுக்குத் தனியாக நினைவூட்டல் போகும்.

கடைசியில் கடைக்குட்டிதான் ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ரிச்சி தெருவுக்குப் போய் 1,900 ரூபாய்க்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். விமர்சனம் பார்த்தாயா என்றதற்கு, "கடைக்காரர் நல்லா சிரிச்சாருண்ணே" என்றான். அவர் முகம் சுண்டிப்போயிற்று. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் போர்ட்டைப் பார்த்தார். கிகாபிட். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

எங்களில் ஒருத்தனுக்கும் அதை மாட்டத் தெரியவில்லை என்பது ஒன்பது மணிக்கு விளங்கியது. பத்து மணிக்கு அவரே எழுந்து வந்தார், கையில் பழைய டைரி. அதில் நெட் கம்பெனி கொடுத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும், தேதியோடு, அழகான கையெழுத்தில். பீரோவைத் தனியாளாக நகர்த்தினார். கேபிளை நிலைக்கட்டை ஓரமாகவே இழுத்து, கிளிப் அடித்து, கதவைப் பத்து முறை திறந்து மூடிப் பார்த்தார். ரூட்டரை ஹால் நடுச்சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே மாட்டினார். ஒரு மணிக்கு போனை எடுத்துக்கொண்டு மூலை மூலையாக நடந்து வேகம் பார்த்தார். குளியலறைக்குள்ளிருந்து, "நாப்பத்தி ரெண்டு வருதுடா!" என்று அவர் கத்தியதில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

ஆளுக்கு 380 ரூபாய். மூன்று பேர் அன்றைக்கே கடைக்குட்டிக்கு ஜிபேயில் போட்டுவிட்டோம். அவர் பங்கு இன்னும் வரவில்லை. போன வாரம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு வருஷம் வாரண்டி போட்டிருக்கான்ல? அதுவரைக்கும் ஓடட்டும், தரேன்."