தோல்விக் கணக்கப்பிள்ளை

1996 உலகக் கிண்ணத்தைத் தானே லாகூருக்குப் போய்த் தூக்கி வந்ததாகப் பேசுகிறவர்கள் பதுளை பஸ் நிலையத்தில் எந்த நேரமும் பத்துப் பேராவது இருப்பார்கள். அரவிந்த டி சில்வா அன்றைக்கு அடித்த 107 ஓட்டங்களையும் மடித்த குடையாலேயே அடித்துக் காட்டுவார்கள். பசறை பஸ் வரும்வரைக்கும் நன்றாகப் பொழுது போகும். அப்போது கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிற ஒருவர் தொண்டையைச் செருமுவார்.

"அதெல்லாஞ் சரி தம்பி. 2012 ஜனவரி 11. தென்னாபிரிக்காவுல பார்ல் கிரவுண்டு. 43-க்கு எல்லாரும் அவுட். அன்னைக்கு நீங்கள்லாம் எங்க போயிருந்தீங்க?"

கூட்டம் கலைந்துவிடும். அவர்தான் தோல்விக் கணக்கப்பிள்ளை.

ஊவாவில் இவர் இல்லாத தோட்டம் இல்லை. ஸ்பிரிங்வெளிப் பக்கமும் இருப்பார், நமுனுகுலப் பக்கமும் இருப்பார், மடுல்சீமையில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும். நிஜக் கணக்கப்பிள்ளை பெரட்டுக்களத்தில் செக்ரோலை வைத்துக்கொண்டு யார் வந்தார், யார் வரவில்லை என்று பதிகிறவர். நாள் முழுக்க வேலை செய்து, கொழுந்தும் நிறை வந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். நம்மவர் அந்தச் சட்டத்தை அப்படியே உதைபந்தாட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அவருடைய செக்ரோலில் இருக்கிறவர்கள் மென்செஸ்டர் யுனைட்டட்டுக்கு விளையாடிவிட்டு, உலகம் மறந்துபோன ஆட்கள்.

1999 மே 26, பார்சலோனாவில் முழுநேரம் முடிந்த பிறகு இரண்டு கோல் போட்டு பயர்ன் மியூனிக்கை வென்ற இரவுக்குப் பிறகு அந்தப் பக்கம் சாய்ந்தவர்கள் ஏராளம். நம்மவரும் அப்படித்தான் என்று நான் சந்தேகிக்கிறேன். ஒத்துக்கொள்வாரா? "ஜெயிச்ச அன்னைக்கு வந்து சேந்தவன்" என்பது இந்த வட்டாரத்தில் கெட்ட வார்த்தை. அதற்கு முந்தியே இருந்ததை நிரூபிக்க ஒரே வழி, எவனுக்கும் தெரியாத ஒரு பழைய தோல்வியை எடுத்துப் போடுவது. அதற்கென்றே அவர் வைத்திருக்கிற பெயர் வில்லியம் புரூனியே. பிரான்ஸ் நாட்டுப் பின்கள ஆட்டக்காரர். 1995 டிசம்பர் 30 ஒரு மெச், 1996 ஜனவரி 1 ஒரு மெச். இரண்டாவதில் டொட்டன்ஹாம் 4-1 என்று வெளுத்துவிட்டது. அதோடு ஆள் பயணம்.

"பழைய வருஷத்துல ஒரு பேர், புது வருஷத்துல ஒரு பேர். ரெண்டே பேரு. ஈ.பி.எஃப். கூட விழுந்திருக்காது, பாவம்."

அந்தப் 'பாவம்' முக்கியம். திட்டுகிறாரா, இரங்குகிறாரா என்று கடைசிவரை தெரியாது.

மசிமோ தைபி என்றால் எழுந்தே நின்றுவிடுவார். 1999-இல் இத்தாலியின் வெனெசியாவிலிருந்து 45 இலட்சம் பவுணுக்கு வாங்கிய கோல்காப்பாளர். முதல் ஆட்டத்தில் லிவர்பூலை 3-2 என்று வென்றார்கள். அன்றைக்கு ஆட்டநாயகனே இவர்தான். அடுத்து வந்த செப்டெம்பர் 25, சௌதாம்டனுக்கு எதிராக மெட் லீ டிசியே ஒரு பந்தைத் தட்டினார். தட்டினார் என்றுதான் சொல்லவேண்டும், அடித்தார் என்று சொன்னால் பந்தே சிரிக்கும். நம்மவர் இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு முழங்காலை ஊன்றிக் காட்டுவார்: இப்படிக் குனிஞ்சான், கை இங்க, கால் இங்க, ரெண்டுக்கும் நடுவுல பந்து உருண்டு உருண்டு போகுது. அடுத்த கிழமை செல்சியிடம் ஐந்து. நாலே நாலு லீக் ஆட்டம், மூட்டை கட்டியாயிற்று. முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பும்போது ஒரு தகவலைத் தாழ்ந்த குரலில் சேர்ப்பார்: அதே தைபி, இத்தாலிக்குத் திரும்பிப் போய், 2001-இல் ரெஜினா அணிக்காகக் கோல் கம்பத்தை விட்டு முன்னால் ஓடி, தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். "நம்மகிட்ட இருக்கிறப்போ பந்தையே பாக்காதவன். அங்க போயி கோல் போடுறான். தோட்டம் மாறினா ஆளும் மாறுறான், பாத்தியா."

2003-இல் பிரான்ஸின் நான்ட் கிளப்பிலிருந்து வந்த கமரூன்காரர் எரிக் ஜெம்பா-ஜெம்பாவுக்கு ஒரே வரிதான்: "பேரையே ரெண்டு தரம் போட்டான்; வேலை அரைப்பேருதான்." இந்த வரியை அவர் இருபது வருடமாகச் சொல்கிறார். இன்றும் சொல்வதற்கு முன் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு, கேட்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வார்.

பெபே கதை பெரிய கதை. 2010-இல் சேர் அலெக்ஸ் பெர்கசன் 74 இலட்சம் பவுண் கொடுத்து வாங்கினார். அந்தப் பையன் விளையாடி ஒரு தடவைகூடத் தான் பார்த்ததில்லை, வீடியோவில்கூடப் பார்த்ததில்லை என்று அவரே சொல்லிவிட்டார். மொத்தம் ஏழு ஆட்டம். "ஆளைப் பாக்காமப் பேர் பதியிறது தோட்டத்துல பெரிய குத்தம். கணக்கப்பிள்ளை சீட்டுக் கிழிஞ்சிரும். அங்க சேர் பட்டம் குடுத்து வச்சிருக்காங்க." ஆனால் பெபே சிறுவர் இல்லத்தில் வளர்ந்த பிள்ளை என்பதையும், 2024 ஜனவரியில் ஆபிரிக்கக் கிண்ணத்தில் கேப் வெர்டேக்காக எங்கோ தூரத்திலிருந்து ஒரு பிரீகிக்கை உள்ளே இறக்கியதையும் யாராவது ஒரு பொடியன் சொன்னால், மறுப்பு இல்லை. கையை நீட்டி, "சரி, அதுக்கு ஒரு பேர் போட்டுக்க" என்பார்.

இஸ்தோப்பில் தனியாக இருக்கும்போது இவர் பாதி ஆள்தான். பக்கத்து லயத்து லிவர்பூல்காரரும், ஸ்டோரில் வேலை செய்கிற ஆர்செனல்காரரும் வந்து உட்கார்ந்தால்தான் முழுக் களை கட்டும். வெளியூர்க்காரர் ஒருவர் பார்த்தால் சண்டை என்று நினைப்பார். உண்மையில் ஏலம்.

"2023 மார்ச் 5. ஏழு. ஒங்க லிவர்பூல்தான்யா போட்டுச்சு" என்று நம்மவர் தொடங்குவார். "காக்போ ரெண்டு, நூனியெஸ் ரெண்டு, சாலா ரெண்டு, கடைசியா பர்மினோ ஒண்ணு. அதுவும் முந்தின ஞாயித்துக்கெழமைதான் நாங்க லீக் கப்பைத் தூக்குனோம். கப்புல ஊத்துனது காயல."

லிவர்பூல்காரர் அந்த வெற்றியை வாங்கிக்கொள்ளமாட்டார். கையால் ஒதுக்கிவிடுவார். "அதை விடுங்க. 2015 மே 24. ஸ்டோக்கு. ஜெராட்டுக்குக் கடைசி மெச்சு. வழியனுப்ப வந்த எடத்துல ஆறுக்கு ஒண்ணு. பாதி நேரத்துக்கே அஞ்சு."

ஆர்செனல்காரர் பேசாமல் இருப்பார். அவருக்குத் தெரியும், கடைசிச் சீட்டு தன் கையில்தான் என்று. எல்லாரும் ஓய்ந்தபிறகு மெல்லச் சொல்வார்: "2011 ஆகஸ்ட் 28. எட்டு. ஜென்கின்சனுக்குச் சிவப்பு மட்டை வேற." அந்த எட்டையும் போட்டது மென்செஸ்டர். நம்மவருக்குக் கொண்டாட எல்லா நியாயமும் உண்டு. மாறாக அவர் முகத்தில் தெரிவது பொறாமை.

இந்த ஏலத்தில் ஒருமுறை அவர் 1974-ஐ இழுத்தார். யுனைட்டட் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய வருடம். ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கி ஆறே வருடம். ஏப்ரல் 27, சொந்த மைதானத்தில், தங்களிடமே பத்து வருடத்துக்கு மேல் விளையாடிய டெனிஸ் லோ, மென்செஸ்டர் சிட்டிக்காகக் குதிகாலால் பின்பக்கமாக ஒரு தட்டுத் தட்டிக் கோல் போட்டுவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தார். மற்ற ஆட்டங்களின் முடிவுப்படி அந்தக் கோல் விழாவிட்டாலும் இறங்கியிருப்பார்கள் என்பதையும் நம்மவர் விடாமல் சொன்னார், கணக்கில் சுத்தம். "அதை மாதிரி ஒரு கெட்ட வருஷம் கெடையாது" என்று முடித்தார்.

காம்பராவுக்குள் படுத்திருந்த அப்பாயி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"எந்த வருஷண்டா? எழுபத்து நாலா? அப்ப அரிசியும் இல்ல, மாவும் இல்ல. காட்டுக் கீரையும் கெழங்குந்தான். தொங்க வீட்டுல ரெண்டு பேரு பசியிலயே போய்ச் சேந்தாங்க. ஒன் வெள்ளைக்காரன் எங்க எறங்குனா எனக்கென்னடா?"

சிறிமா காலத்துப் பஞ்சம் தோட்டங்களில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று அந்தத் தலைமுறைக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. அன்றைக்கு மூவரும் வேளையோடு எழும்பிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவருடைய கணக்கு 1975-இலிருந்துதான் தொடங்குகிறது.

இலங்கை அணியைப் பற்றிக் கேட்டால் நம்மவர் பெருமூச்சு விடுவார். கிரிக்கெட்டில் 2023 செப்டெம்பர் 17, சிராஜ் ஒரே ஓவரில் நாலு பேரை அனுப்பி, ஆசியக் கிண்ண இறுதியாட்டத்திலேயே 50-க்குச் சுருட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த தோல்வியில் அவருக்கு ருசி இல்லை. அவருக்குப் பிடித்தது உதைபந்தாட்டம். 1995-இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்தோம், இன்றுவரை அது ஒன்றுதான். 2019-இல் உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் மக்காவோவிடம் 1-0 என்று தோற்றோம். ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பதிலாட்டத்துக்குக் கொழும்புக்கு வர மக்காவோ மறுத்துவிட்டது. ஃபிஃபா நமக்கு 3-0 என்று எழுதிக் கொடுத்தது.

"வராதவனை ஜெயிச்சதுக்கு எப்படிப் பேர் போடுறது?" என்று கேட்பார். போடவில்லை. அவர் ஏட்டில் அது இன்னும் மக்காவோ ஒன்று, நாம் பூச்சியம். அடுத்த சுற்றில் வட கொரியா விலகியதில் அவர்களோடு ஆடிய ஆட்டம் கணக்கிலிருந்து போனது. மிச்ச ஆறு ஆட்டமும் தோல்வி, தென் கொரியா ஒரே மெச்சில் எட்டு. லெபனானுக்கு வசீம் ராசிக் அடித்த இரண்டு மட்டும்தான் நாம் போட்ட கோல்கள். வாங்கியது 23. "ராசிக்குக்கு மட்டும் ரெண்டு பேரு. மத்தவங்கெல்லாம் நாளைக்கு வரச்சொல்லு."

தோட்டத்து அணியைப் பற்றி மட்டும் அவர் வாயால் குறை வராது. எனக்கு இது விளங்க நாளானது. மலையை வெட்டி எடுத்த கிரவுண்டு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவு. பந்து ஒருமுறை வெளியே போனால் தேயிலைக்குள் நாலு நிரை தாண்டித்தான் நிற்கும். ஆகஸ்டில் கச்சான் காற்று வீசினால் கோல் உதையே எதிர்ப்பக்கம் போகாது. அந்தக் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கிறது என்பார்கள், பந்துக்கு அது சாபம். நல்லா ஆடுகிற பொடியன்கள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், தீபாவளிக்குத்தான் வருவார்கள். ஒரு சோடி பூட்ஸை இரண்டு பேர் பங்கு போட்டு, இடது காலன் இடதையும் வலது காலன் வலதையும் மாட்டுவான். பதினோராவது ஆளாக லொறிக் கிளீனர். பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்துக்குக் கொழுந்து லொறியில் போய், ஒன்பது வாங்கிக்கொண்டு, அதே லொறியில் பாட்டோடு திரும்புவார்கள். ஒன்பதையும் விட்ட கோல்காப்பாளருக்கு எத்தனை பேர் என்று கேட்டேன்.

"வந்தான்ல? முழுப் பேரு" என்றார்.

வெற்றி வந்தால் இவர் தவித்துப்போவார். 2024 மே 25, சிட்டியை 2-1 என்று வென்று எஃப்.ஏ. கிண்ணம் எடுத்த இரவு லயத்தில் வெடி கொளுத்தினார்கள். இவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "லீக்குல எட்டாவது எடம்டா, மறந்துறாதீங்க" என்றார். மறு வருடம் பதினைந்தாவது இடம், 42 புள்ளி. பில்பாவோவில் நடந்த யுரோப்பா இறுதியாட்டத்தில் பதினேழாவது இடத்து டொட்டன்ஹாமிடம் 1-0. மனுசனுக்கு முகத்தில் இரத்தம் ஊறியது.

ஆனால் உச்சம் கிரிம்ஸ்பிதான். 2025 ஆகஸ்ட் 28, நமக்கு விடியப்புறம். நாலாம் பிரிவு அணி. யுனைட்டட் இரண்டு கோல் பின்னால் இருந்து 2-2 ஆக்கி, பெனல்டிக்குப் போய், 26 உதை. 12-11 என்று கிரிம்ஸ்பி. கடைசி உதையை யுனைட்டட்டின் உம்பேமோ குறுக்குக் கம்பத்தில் அடித்தபோது மணி மூன்றை நெருங்கியிருந்தது. காலையில் பெரட்டுக்குப் போகிறவர்களை வழிமறித்து, இருபத்தாறையும் வரிசையாக ஒப்பித்தார்.

ஒரு பொடியன் ஆறுதலுக்குச் சொன்னான்: "ஒனானா ஒண்ணைப் புடிச்சார்தானே மாமா."

உண்மைதான், யுனைட்டட் கோல்காப்பாளர் ஒனானா ஒன்றைத் தடுத்திருந்தார். கிரிம்ஸ்பியில் தவறவிட்ட ஒரே ஆள் கிளார்க் ஒடூர். பிறகுதான் விசயம் வெளியே வந்தது: ஒடூரைப் பதிவு செய்தது நண்பகல் கெடு தாண்டி ஒரு நிமிடம் பிந்தி. பதிவில்லாத ஆளை இறக்கியதற்காகக் கிரிம்ஸ்பிக்கு 20,000 பவுண் தண்டம் போட்டார்கள். முடிவு மாறவில்லை.

பெரட்டுக்குப் பிந்தி வருகிறவனைத் திருப்பி அனுப்புவது தோட்டத்துச் சட்டம். நம்மவர் அந்தப் பொடியனைத் தேடிப்போய் நிறுத்தினார்.

"பேரே பதியாதவன் அடிச்ச பந்து, அடிச்ச பந்தா? அதைப் புடிச்சது புடிச்சதா? யோசிச்சுப் பாரு. ஒனானாவுக்குப் போட்ட அந்த ஒரு பேரையும் நேத்து ராத்திரி வெட்டிட்டேன்."