ஜெயிச்ச கேம் சார்!

செஸ் ஆட்டம் முடிந்து கைகுலுக்கிய கையை விடுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்: "ஜெயிச்ச கேம் சார் இது!"

தோற்றவர் அவர்தான். ஸ்கோர் ஷீட்டில் 0-1 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. ஹாலுக்குள் பேசினால் ஆர்பிட்டர் விரட்டுவார் என்பதால் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போவார். எனக்குப் புளியோதரைப் பொட்டலத்தின் மேல் கண். அவரோ போர்டை விரித்து நேராக 23ஆவது மூவை அடுக்குகிறார். முதலிலிருந்து ஆடிக்காட்டும் வழக்கம் கிடையாது. அவர் நன்றாக இருந்ததே அந்த ஒரு மூவில்தான்.

அடுக்குவதிலும் கைவரிசை உண்டு. எச்7-ல் இருந்த என் சிப்பாய் எச்6-க்கு வந்திருக்கும். அவருடைய பிஷப் அங்கே எதையாவது வெட்டியாக வேண்டுமே!

"அது எச்7 சார்."

"இருக்கட்டும், ஐடியா அதேதான்."

பிறகு என் காய்களையும் அவரே ஆடுவார். "இதை நீங்க எடுப்பீங்க." எடுக்க மாட்டேன் சார். "எடுத்துதான் ஆகணும்." எடுத்துவிடுகிறார். குதிரை போகிறது, ராணி போகிறது, எனக்கு மேட். போர்டில் ஜெயித்தவன் வராந்தாவில் தோற்றால்தான் சாப்பாடு.

"டிங் லிரெனே 2024 உலகப் போட்டி கடைசி கேம்ல ரூக்கை எஃப்2-ல வெச்சுத் தோத்தாரே!" என்பார். குகேஷ் சாம்பியனான ஆட்டத்தில் எதிராளிக்காக வருந்தும் ஒரே சென்னைக்காரர் இவராகத்தான் இருக்கும். அதே வருஷம் மார்ச்சில் உலக செஸ் அமைப்பான ஃபிடே, 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ரேட்டிங்கை ஏற்றிவிட்டது. "இப்பதான் என் ஃபார்மைக் கண்டுக்கிட்டாங்க" என்றார்.

பொடியன்களிடம் தோற்றாலும் இதே கச்சேரிதான். அவர்கள் மட்டும் மசிவதில்லை. "அங்கிள், அப்ப ரூக் பின்னாடி வருமே" என்றான் ஒருத்தன், வாயில் பிஸ்கட்டோடு. இவர் போர்டை உற்றுப் பார்த்தார். பையனின் அம்மாவிடம் போய், "விட்டுடாதீங்கம்மா, பெரிய பிளேயரா வருவான்" என்றார். அப்போது மனிதரைப் பிடிக்கத்தான் செய்தது.

ஆனால் அவர் ஜெயித்த அன்றைக்கு அனாலிசிஸே கிடையாது. "சார், அந்த 30ஆவது மூவுல நான்..." என்று இழுத்தால், "அடுத்த ரவுண்டுக்கு நேரமாச்சு சார்" என்று டீக்கடைப் பக்கம் நடையைக் கட்டிவிடுகிறார்.