கார்டு எங்கே உட்காருவார்?

டெல்லியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும் ரிட்டயர்டு ரயில்வே கார்டை உங்களுக்கும் தெரிந்திருக்கும். செங்கோட்டை, குதுப்மினார் எல்லாவற்றையும் வெயிலைச் சாக்கிட்டுக் காருக்குள் இருந்தபடியே தரிசித்துவிடுவார். சாணக்யபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறதென்று மாப்பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. மறுநாள் விடிவதற்குள் குளித்து, விபூதி பூசி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வாசலில் நிற்பார்.

ரயில்வே இடத்துக்குள் காசு கொடுத்து நுழைவது அவர் குலத்திலேயே கிடையாது. ரிட்டயரானபின்னும் கிடைக்கிற பாஸைக் கவுன்ட்டரில் நீட்டுவார். பையன் மறுப்பான். "ஐ ஆம் சதர்ன் ரயில்வே" என்பார். சதர்ன் ரயில்வே முழுவதுமே வந்து நின்றாலும் டிக்கெட் டிக்கெட்தான். மாப்பிள்ளை பின்னாலிருந்து சத்தமில்லாமல் பணத்தைக் கட்டுவார்.

உள்ளே போனதும் எந்தப் பலகையையும் படிக்கமாட்டார். குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்ப்பார். "எண்ணெய் போட்டு எத்தனை நாளாச்சோ!"

பாட்டியாலா மகாராஜாவின் மோனோரயில் அங்கே நிற்கிறது. 1907இல் போட்ட லைன். ஒற்றைத் தண்டவாளம், கவிழாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையிலேயே உருளும். முதலில் கோவேறு கழுதைகள் இழுத்தன, பிறகுதான் ஜெர்மனியிலிருந்து நீராவி எஞ்சின் வந்தது. குழந்தைகள் வாய் பிளந்து பார்க்கிற சங்கதி. இவர் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்பார்: "இதுல கார்டு எங்க உக்காருவான்?"

வேல்ஸ் இளவரசருக்காக 1875இல் செய்த சலூன் பெட்டியிடமும் அதே கேள்விதான். 1855இல் லீட்ஸில் செய்த ஃபேரி குயின் எஞ்சினின் கதையை மாப்பிள்ளை ஆரம்பித்தால், "அதை மறுபடி ஓட வச்சதே எங்க பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்தான் மாப்பிள்ளை" என்று பாதியிலேயே சிவப்புக் கொடி காட்டிவிடுவார். அது உண்மையும்கூட, இந்த மனிதர்களின் பெருமையில் பாதி உண்மையாக இருப்பதுதான் சங்கடம்.

உள்ளரங்கில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை சிக்னல் விளக்கைப் பார்த்ததும் ஆடிப்போவார். "அடப்பாவிகளா, இதைப் போய் மியூசியத்துல வச்சிருக்கான். நம்ம வீட்டுப் பரண்லயே ஒண்ணு கிடக்கே!"

"ரிட்டயராகும்போது திருப்பிக் கொடுக்கலையா மாமா?"

அந்தக் கேள்வி அவர் காதில் விழாது. ஆனால் கூட வந்திருக்கும் மனைவியின் காதில் விழும்.

"பரணையெல்லாம் தேடாதீங்க. போன தீபாவளிக்கே பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டாச்சு."

துக்கத்தை ஆற்ற நாலு பள்ளிப் பிள்ளைகள் சிக்குவார்கள். அவர் காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் கொடுக்கிற பால் டோக்கன் என்ற பந்து டிரைவர் கைக்கு வராமல் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்பவே முடியாது; அந்தப் பந்து ஒருவரிடம் இருக்கும்வரை அந்த லைனில் வேறு வண்டி நுழைய முடியாது. இதை இந்தி தெரியாமல், கையாலும் காலாலும் விளக்குவார். ஓடும் எஞ்சினிலிருந்து அந்தப் பந்து வைத்த பிரம்பு வளையத்தை எட்டிப் பிடிக்கிற கட்டத்தில் கூட்டம் கைதட்டும்.

கடைசியில் பொம்மை ரயில். அதற்கும் டிக்கெட். சொல்லாமலே கடைசிப் பெட்டிக்குப் போய் உட்கார்ந்து, பச்சைக் கைக்குட்டையை வெளியே நீட்டி ஆட்டுவார். வண்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிற்கும்.

"கிளம்புன இடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்குடி டிக்கெட்டு?"

"ஏங்க, நீங்க மட்டும் முப்பது வருஷமா மதுரைக்கும் மானாமதுரைக்கும் நடுவுல என்ன பண்ணுனீங்களாம்?"