அன்று கம்பெனி, இன்று நாற்றங்கால்

1980களில் கொடைக்கானல் மலையில் படிப்பை முடித்த பிள்ளைக்கு நல்ல வேலை என்றால் அது தெர்மாமீட்டர் கம்பெனிதான். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த ஆலையைப் பெயர்த்து, இங்கே செயின்ட் மேரீஸ் சாலையில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர். மாதச் சம்பளம், பி.எஃப்., உலகம் அறிந்த கம்பெனிப் பெயர். உருளைக்கிழங்கும் பூண்டும் விளைவித்து, மழையை நம்பியும் மண்டி விலையை நம்பியும் வாழ்ந்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்தவர்களே அறிவார்கள்.

அப்போது நான் தாவரவியல் பட்டம் வாங்கிக்கொண்டு, கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலுக்குத் திரும்பியிருந்தேன். பார்க்கிற உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்ன மாப்ளே, கம்பெனிக்கு எழுதிப் போட்டாச்சா?" செடி கொடியைப் படித்தவனுக்கு இந்த மலையில் வேலை இருக்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன், டைப்ரைட்டிங் லோயர் முடித்தேன், மதுரைக்கு இறங்கி ஆசிரியர் வேலைக்குப் போனேன். பட்டம் வாங்கியவன் மலையை விட்டு இறங்கினால்தான் முன்னுக்கு வருவான் என்பது அன்றைய முடிவு.

அதே 1980களில் பாப் ஸ்டீவர்ட், தான்யா பால்கர் என்ற இருவர் இங்கிலாந்திலிருந்து வந்து வட்டக்கானலில் தங்கினார்கள். சோலை மரங்களின் விதையைப் பொறுக்கி நாற்று வளர்க்க ஆரம்பித்தார்கள். வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை அந்த வேலையிலிருந்து பிறந்ததுதான். ஊர்க்காரர்கள் அவர்களை அன்பாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் செய்ததைத் தங்கள் பிள்ளைக்கான வேலையாக யாரும் பார்க்கவில்லை. படித்த பையன் மண்ணில் கை வைப்பதா என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது.

அந்த வேலையில் என்ன படிப்பு வேண்டியிருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு சோலை நாற்றங்காலில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். முதலில் தாய் மரத்தை அடையாளம் காண வேண்டும். மலை நாவலா, காட்டுச் செண்பகமா, காட்டுப் பூவரசா என்பதை இலையையும் பட்டையையும் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். பழுத்து விழுந்த பழத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி, ஈரம் காய்வதற்குள் பாத்தியில் ஊன்ற வேண்டும். சோலை மர விதைகள் பல, காயவைத்தால் செத்துவிடும். நெல் விதை மாதிரி அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைக்க முடியாது. முளை வர வாரங்களும் ஆகும், மாதங்களும் ஆகும். வந்த முளையை வேர் அறாமல் குச்சியால் நெம்பியெடுத்துப் பைக்கு மாற்ற வேண்டும். பையின் அடியில் வேர் சுருண்டுவிட்டால், நட்ட பிறகும் மரம் தேறாது. காட்டில் நடுகிற உயரம் வருவதற்குள் சில ஆண்டுகள் ஓடிவிடும். அதுவரை எந்தத் தாய் மரம், எந்த மாதம், எத்தனை விதை, எத்தனை முளை என்று நோட்டில் எழுதிவர வேண்டும். நான் கல்லூரியில் மூன்று ஆண்டு படித்த தாவரவியல் முழுவதற்கும் இங்கே வேலை இருக்கிறது.

இந்த வேலை ஏன் தேவைப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பழனி மலையின் மேல்மட்டம் சோலையும் புல்வெளியும் மாறி மாறி அமைந்தது. மழையை வாங்கி, மெல்ல மெல்ல ஓடைகளில் விடுவது அதன் இயல்பு. தெற்கே வைகைக்கும் வடக்கே அமராவதிக்கும் இங்கிருந்துதான் தண்ணீர் இறங்குகிறது. வட்டக்கானலை ஒட்டியுள்ள பாம்பார் சோலையின் தண்ணீர் பெரியகுளத்துக்கு மேலே கும்பக்கரை அருவியாக விழுகிறது. சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இந்தப் புல்வெளிகளில் வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் மரங்களைப் பெரும் பரப்பில் நட்டார்கள். தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் செய்தது அது. இன்று அவற்றை அகற்றுவது அரசின் கொள்கை. ஆனால் வாட்டில் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டினாலும் எரித்தாலும் கூட்டமாக முளைத்துவரும். இன்னொரு பக்கம், பழைய வாட்டில் நிழலுக்குள்ளேயே சோலைக் கன்றுகள் தானாக எழும்பி வருவதை வட்டக்கானல் அறக்கட்டளைக்காரர்கள் எடுத்துக்காட்டினார்கள். எந்த இடத்தில் வெட்டுவது, எந்த இடத்தில் கை வைக்காமல் விடுவது என்று முடிவு செய்ய ஒவ்வொரு சரிவையும் நடந்து பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். படித்த, நடக்கத் தெரிந்த இளைஞர்கள் இல்லாமல் அது நடக்காது.

அந்தத் தெர்மாமீட்டர் கம்பெனியின் கதை 2001 மார்ச்சில் முடிந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்ததை மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003ல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மூச்சோடு உள்ளே போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். முன்னாள் தொழிலாளர்கள் 2006ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். உடல்நலக் கேடு எதுவும் நேரவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. 2016ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு அது உடன்பாடு செய்துகொண்டது. வழக்கு முடிய 10 ஆண்டுகள் ஆயின. வேலையில் சேரும்போது இருபது வயதுக்காரர்களாக இருந்தவர்கள் உடன்பாடு வரும்போது ஐம்பதை ஒட்டியிருந்தார்கள்.

அந்த வேலைக்குப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் உழைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தப் போனவர்கள். நான் கையாளுகிற பொருள் என்ன, அது உடம்பை என்ன செய்யும் என்று கேட்கச் சொல்லி யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. சம்பளத்தையும் கம்பெனிப் பெயரையும் மட்டுமே விசாரிக்கப் பழக்கியிருந்தோம்.

இன்றைக்கு வட்டக்கானலுக்கு வாருங்கள். பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள் மடிக்கணினியோடு இங்கே மாதக்கணக்கில் தங்குகிறார்கள். எந்த மலையில் எதிர்காலம் இல்லை என்று எங்களை இறக்கிவிட்டார்களோ, அந்த மலைக்கு வாடகை கொடுத்து வருகிறார்கள். ஆனால் இங்கே பிறந்து பட்டம் வாங்கிய பிள்ளையை இன்றும் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும்தான் பஸ் ஏற்றுகிறோம்.

இந்த மலையிலேயே முதல் வேலைக்கு வழிகள் இருக்கின்றன. சோலை மீட்பிலும் அந்நிய மரங்களை அகற்றுவதிலும் களப்பணியாளர்கள் வேண்டும். செயற்கைக்கோள் படத்தை வைத்துக் காட்டின் வரைபடம் போடத் தெரிந்தவர்கள் வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைத் தரம் பிரித்து, ஆவணத்தோடு சந்தைக்குக் கொண்டுபோக வணிகவியல் படித்தவர்கள் வேண்டும். 2024ல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. வருகிற வண்டிகளையும் விழுகிற குப்பையையும் கணக்கிட்டுத் திட்டமிட ஆள் வேண்டும். நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்துவைத்திருக்கிற வானாய்வகம் இதே மலையில்தான் இருக்கிறது. அத்தகைய பதிவைப் பொறுமையாகப் பேணுவதும் ஒரு வாழ்க்கைத் தொழில் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

குறையும் இருக்கிறது. காட்டு வேலைகளில் பல, தினக்கூலியாகவோ திட்டக்காலம் வரையிலோதான் கிடைக்கின்றன. திட்டம் முடிந்தால் பையன் மறுபடி கீழே இறங்க வேண்டியதுதான். மரம் வளர இருபது ஆண்டு ஆகும், அதை வளர்ப்பவனுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்றால் அந்தக் கணக்கு சரிவராது. அரசு 2022ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கம்ப்யூட்டர் பயிற்சிக்குக் கொடுக்கிற அக்கறையைச் சோலை மீட்புப் பயிற்சிக்கும் கொடுக்கட்டும். வனத்துறை இதற்கென்று நிரந்தரப் பணியிடங்களை உண்டாக்கி, மலைக் கிராமத்துப் பட்டதாரிகளை முதலில் எடுக்கட்டும்.

பட்டம் வாங்கி நிற்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. முதல் வேலைக்குப் போகும்போது சம்பளத்தைக் கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். கூடவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த வேலை எனக்கு எதைக் கற்றுத்தரும்? என் உடம்பை என்ன செய்யும்? என் ஊரை என்ன செய்யும்? மூன்றுக்கும் நேரான பதில் சொல்கிற இடத்தில் சேருங்கள். பெற்றோர்களே, பிள்ளை நாற்றங்கால் வேலைக்குப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். இந்த மலைக்கு இன்று அதைவிட அவசரமான வேலை வேறு இல்லை.