முட்டை சுமக்கும் அப்பாக்கள்

பொங்கல் விடுமுறைக்கு மாமியார் ஊருக்குப் போனால் மாப்பிள்ளைக்கு இரண்டு வேலைதான்: சாப்பிடுவது, "போதும்" என்று சொல்லித் தோற்பது. மூன்றாவதாக ஒன்றை நானே இழுத்து விட்டுக்கொண்டேன். பிள்ளைகள் செல்போனை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்களே, குளத்தங்கரைக்குக் கூட்டிப்போய் இயற்கையைக் கற்பிப்போம் என்று ஒரு ஞானோதயம். நான் குளங்களைப் பார்த்ததெல்லாம் ரயில் ஜன்னல் வழியாகத்தான். அந்தக் குளத்திலேயே நீச்சல் பழகிய என் மனைவி இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிரித்ததோடு சரி.

வெள்ளை பிளாஸ்டிக் பேசின் ஒன்று, அலசிய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று, மாமியாரின் டீ வடிகட்டி. பேசின் வெள்ளையாக இருந்தால்தான் பூச்சிகள் கண்ணுக்குத் தெரியும் என்று விளக்கினேன். "வடிகட்டி எதுக்கு?" என்றார் மாமியார். ஆராய்ச்சிக்கு என்றேன். "பத்திரமா கொண்டாந்து குடுத்துருங்க மாப்பிள்ளை" என்றார், நகையை அடகுக்குக் கேட்டவனிடம் சொல்வதுபோல. ஊருணிப் பக்கம் போகக் கூடாது, அது குடிக்கிற தண்ணீர் என்றும் உத்தரவானது. குளிக்கிற குளத்துக்குப் போனோம்.

தண்ணீர்மேல் ஓடும் பூச்சியைக் காட்டி, பரப்பு இழுவிசை பற்றி உரையைத் தொடங்கினேன். "அப்பா, நீயும் அப்படி ஓடு" என்றான் நான்கு வயது மகன். உரை அங்கேயே முடிந்தது.

பேசினில் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. வால்நுனிக் குழாயை மட்டும் நீருக்கு மேலே நீட்டி மூச்சு வாங்கும் ஜீவன்கள். கூடவே தட்டான் புழு ஒன்று. தட்டான் பறப்பதற்கு முன் தண்ணீருக்குள்தான் வளர்கிறது. அதற்குச் செவுள் இருப்பது மலக்குடலில். அந்த வழியாகத் தண்ணீரை இழுத்துச் சுவாசிக்கும். ஆபத்து என்றால் அதே வழியாகப் பீய்ச்சிவிட்டு ராக்கெட் மாதிரிப் பாயும். இதைச் சொன்னதும் பிள்ளைகள் கரையில் உருண்டு சிரித்தார்கள். என் கல்விப் பணியில் அவர்கள் மனதில் தங்கியது இது ஒன்றுதான். ஊர் திரும்பும் வரை பஸ்ஸிலும் இதையே எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த அள்ளலில் தட்டையான பழுப்புப் பூச்சி ஒன்று வந்தது. முதுகு நிறைய முட்டை. "தொடாதீங்க, கடிச்சா உயிர் போற மாதிரி வலிக்கும்" என்றாள் மனைவி.

"அம்மா பூச்சி பாவம்" என்றாள் மகள்.

"இது அப்பா பூச்சி" என்றேன். பெண் பூச்சி முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிக்கும் வரை சுமப்பதும், அடிக்கடி மேலே வந்து முட்டைகளுக்குக் காற்று காட்டுவதும் அவன் பொறுப்பு. அப்போது என் தோளில் மகன், கக்கத்தில் பேசின், கையில் மூன்று ஜோடிச் செருப்பு, கழுத்தில் மனைவியின் கைப்பை. மனைவி பூச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டாவது முறையாகச் சிரித்தாள்.

விடுவேனா? தாமரை இலைமேல் நடந்த நீளவால் இலைக்கோழியைச் சாட்சிக்கு அழைத்தேன். பெண் முட்டையிட்டுவிட்டு வேறு துணை தேடிப் போய்விடும். அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது ஆண்.

"ஏங்க, ஜிலேபிக் கெண்டை தெரியுமா?" என்றாள். தெரியும், 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன் என்றேன், விடாமல். "அதுல அம்மாதான் முட்டையை வாய்க்குள்ள அடக்கி வெச்சிருக்கும். குஞ்சு தேர்ற வரைக்கும் சரியாச் சாப்பிடக்கூட முடியாது. வாயை மூடிக்கிட்டே இருக்கும். நீங்களும் கொஞ்சம் பழகிக்கலாம்."

பிடித்ததையெல்லாம் குளத்திலேயே விட்டோம். வடிகட்டி பாசியும் சேறுமாக வீடு திரும்பியது. மாமியார் அதை வாங்கி, முகர்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் மாட்டுத் தொழுவத்தில் மாட்டினார். மறுநாள் டீ வேட்டித் துணியில் வடிகட்டப்பட்டது. யாருடைய வேட்டி என்று சொல்ல வேண்டியதில்லை.

குழந்தைகளோடு குளத்துக்குக் கிளம்பும் அப்பாமார்களுக்கு: வண்டல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது, பிள்ளைகளைக் கரையிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் கடைத்தெருவில் புது வடிகட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.