சம்மதம் மாமா

எங்கள் மாமா பத்திர எழுத்தராக இருந்து ஓய்ந்தவர். நான்கெல்லையை விரல் வைத்துப் படிப்பார். முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் கிரயப் பேச்சையே எடுக்க விடமாட்டார். மளிகைக் கடையில் பில்லை இன்னொரு தரம் கூட்டிப் பார்த்த பிறகுதான் பையைத் தூக்குவார். போன் கேட்டால் மட்டும் மனிதர் கர்ணன். கவச குண்டலம் வரை கழற்றிக் கொடுத்துவிடுவார்.

போன வாரம் கரண்ட் போன நேரத்தில் டார்ச் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்.

"போன்லயே டார்ச் இருக்கே மாமா?"

"அதுல வெளிச்சம் பத்தாது மாப்ளே."

இரண்டிலும் எரிவது ஒரே விளக்குதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லொகேஷன் கேட்டது; அலோ. மைக் கேட்டது; அலோ. அடுத்து காண்டாக்ட்ஸ்.

"டார்ச்சுக்கு எதுக்கு மாமா காண்டாக்ட்ஸ்?"

"இருட்டுல வர்றது யாருன்னு தெரிய வேண்டாமா?"

அமெரிக்காவில் இப்படித்தான் ஒரு டார்ச் ஆப், ஆட்கள் இருக்கும் இடத்தை விளம்பரக் கம்பெனிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்து, 2013-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையத்திடம் மாட்டிக்கொண்டது. சொன்னேன். "என் இடம் யாருக்குத் தெரியாது? வீடு, டீக்கடை, கோயில்" என்றார். பதில் சொல்ல வரவில்லை.

முன்பெல்லாம் ஆண்ட்ராய்டில் ஆப் இறக்கும்போதே எல்லாவற்றுக்கும் மொத்தமாகத் தலையாட்ட வேண்டும். 2015-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்துதான் ஒவ்வொன்றாகக் கேட்கிறது. நம்மை யோசிக்க வைக்கத்தான் இந்த ஏற்பாடு. மாமாவுக்கோ கட்டைவிரலுக்கு வேலை கூடியதுதான் மிச்சம்.

நிபந்தனைகள் என்று ஒன்று வரும் பாருங்கள், அங்கேதான் அவருடைய முழுத் திறமையும். ஒரே தள்ளு, பக்கம் அடிமட்டத்துக்குப் போய் நிற்கும். 'படித்துப் பார்த்து ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் டிக். படிக்காமல் கைநாட்டு வைக்க வந்தவர்கள் எத்தனை பேரை அந்தக் காலத்தில் திட்டித் திருப்பி அனுப்பியிருப்பார்!

சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சட்டம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லதாப் போச்சு. பட்டனையும் தமிழ்லயே போடுவானா? தேடாம அமுக்கலாம்."

எனக்கு வருத்தம் வேறு. காண்டாக்ட்ஸ் என்று அவர் கொடுத்ததில் அவருடையது என்று ஒரு எண்கூடக் கிடையாது. என் எண், அத்தை எண், பால்காரர் எண், பழைய கட்சிக்காரர்கள் எண். பவர் பத்திரம் இல்லாமல் அடுத்தவர் சொத்தை எழுதிக் கொடுக்க ஒருநாளும் சம்மதிக்காத மனிதர், எங்கள் எல்லோரையும் ஒரு டார்ச்சுக்குக் கிரயம் செய்துவிட்டார்.

உங்கள் வீட்டு மாமா தூங்கும்போதாவது அவர் போனில் செட்டிங்ஸுக்குப் போய் பெர்மிஷன் மேனேஜரைத் திறந்து பாருங்கள். போனைத் திறக்கப் பாஸ்வேர்டு தெரியாதே என்று யோசிக்க வேண்டாம். கேட்டால் சொல்லிவிடுவார்.